முன்னால் போகிறவளின் வெஸ்ட்

கதவைத் திறந்த கையோடு தனப்பிரியா மறுபடியும் செத்துப்போனாள். பதறாதீங்க, கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். ஆனாலும் பாருங்க, சித்திரையிலிருந்து அன்றாடம் பொழுதோட உட்கார்ந்து, நம்பி வந்தவர்கள் கண்ணெதிரிலேயே முதல் ஆளாகப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தால், விளையாட்டே ஆனாலும் மனசு விட்டுப்போகுமா போகாதா? அவளுக்கு விட்டுப்போயிற்று.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் அவள் புருசன் சந்தோஷ்குமார் இன்னும் ஆடிக்கொண்டிருந்தான். அவன் ஒரு கையை மவுசிலிருந்து எடுத்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

“உடு தனா. எல்லாருக்கும் எல்லாமும் வந்துருமா?”

“போன வருசம் வந்துச்சேங்க மாமா. இப்ப மட்டும் என்ன கேடு வந்துச்சு?”

“கை கொஞ்சம் தடுமாறுது, அவ்வளவுதான். வெசனப்படாதே சாமி.”

அவ்வளவு ஆறுதலாகச் சொன்னால் யாருக்குத்தான் அழுகை வராது? முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அந்த விளையாட்டுக்கு ஸ்டோன்கேட் என்று பெயர். அணிக்கு அஞ்சு பேர். பாழடைந்த பேக்டரி, துறைமுகக் கிடங்கு, ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒரு கட்டிடத்துக்குள் எதிரி அணி பதுங்கியிருக்கும். உள்ளே புகுந்து அவர்களை அடித்து விரட்ட வேண்டும். கண்மண் தெரியாமல் ஓடிச் சுடுகிற சின்னப்பிள்ளை ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு குண்டு ஒழுங்காகப் பட்டால் சோலி முடிந்தது. அதனால் யார் முன்னால் போகிறார்கள், யார் ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறார்கள், மேலே என்ன போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் உயிர் போகிற சமாச்சாரம்.

அணிக்குத் தலைவன் அஸாருதீன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு, கடைவீதியில் அவர்களுக்கு ஜவுளிக்கடை. நந்தகுமாரும் காளிதாஸும் அவனோடு ஒட்டுக்காகக் கல்லூரியில் படித்தவர்கள். மிச்ச ரெண்டு பேர் நாமக்கல்லில் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இந்தப் புருசனும் பொண்டாட்டியும். கல்யாணமான புதுசில் சந்தோஷ்குமார்தான் அவளுக்கு மவுசைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். ஆறே மாசத்தில் அவள் அவனைத் தாண்டிப்போய்விட்டாள். காரணம் அவளுடைய காது. சுவருக்கு அந்தப்பக்கம் எத்தனை பேர், எந்தப்பக்கம் நகருகிறார்கள் என்று காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அதனால்தான் கதவைத் திறந்து முதலில் உள்ளே நுழைகிற வேலையை அஸார் அவளிடம் கொடுத்தான். “அக்கா உள்ள போயிட்டாங்கன்னா பாதி ஜெயிச்ச மாதிரி” என்பான்.

முட்டை ஏற்றுமதி ஆபீஸில் அவளுக்கு வேலை. அங்கே அவள் இருப்பதும் தெரியாது, லீவு போட்டதும் தெரியாது. பிறந்த ஊட்டில் மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்தவள். ‘நீ இதுல கெட்டிக்காரி’ என்று அவளைப் பார்த்து உலகத்தில் யாராவது சொன்னார்கள் என்றால் அது இந்த ஒரு இடத்தில்தான். இதைப் போய் விளையாட்டு என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஆவணியில் சென்னையில் பெரிய போட்டி. அங்கே அணிக்கு நாலு பேருக்குத்தான் இடம். யாரை விடுவது என்று அஸார் தயங்கியபோது சந்தோஷ்குமார் முந்திக்கொண்டு சொன்னான். “எனக்குக் கடை கெடக்குதப்பா. எம்பொண்டாட்டி போகட்டும். அவதான் நம்ம அணிக்கே முன்டயரு.” எல்லாரும் அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இப்படியொரு புருசன் யாருக்கு வாய்க்கும் என்றான் நந்தகுமார். தனப்பிரியாவுக்கு அன்றைக்குப் பூரிப்பில் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் சாவு தொடங்கியது.

இனி வெஸ்ட் சமாச்சாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சங்கதியே அதில்தான் இருக்கிறது. குண்டைத் தாங்குகிற மேல்சட்டைக்குத்தான் ஆட்டக்காரர்கள் வெஸ்ட் என்று சொல்வது. ஒன்றிலிருந்து ஆறு வரை லெவல் உண்டு. லெவல் ஒன்று பேருக்குத்தான். மூன்று போட்டால் பிஸ்டல் குண்டு உள்ளே வராது. அஞ்சு போட்டால் ரைஃபிள் குண்டே திணறும். ஆறு போட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் நெல்லு மூட்டை சுமந்த மாதிரி நடக்கத்தான் முடியும், ஓட முடியாது. முன்னால் போகிறவளுக்கு அஞ்சுதான் கச்சிதம். அவளுக்கு எப்போதும் அஞ்சுதான் வந்தது.

ஆட்டத்தில் ஜெயித்துக் கொண்டுவருகிற வெஸ்ட்டெல்லாம் அணிக்குப் பொதுவான ஒரு கிடங்கில் போய்ச் சேரும். ஆட்டத்துக்கு முன்னால் அதை எடுத்துப் பங்கு வைக்கிற பொறுப்பு சந்தோஷ்குமாருடையது. அவனைவிட்டால் அதற்குப் பொருத்தமான ஆள் யார்? அவனுக்குப் பரமத்தி ரோட்டில் டயர் கடை. தேய்ந்துபோன லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுப்பதுதான் தொழில். உள்ளங்கையை வைத்துத் தடவினான் என்றால் இது எத்தனையாவது ஒட்டு என்று சொல்லிவிடுவான். ஒட்டுப்போட்ட டயரைப் புதுசு என்று ஒருநாளும் யாருக்கும் விற்றதில்லை, அந்த நல்ல பேரைச் சொல்லாமலிருக்கக் கூடாது.

அவன் எடுத்துக் கொடுத்ததைத் தனப்பிரியா அப்படியே போட்டுக்கொள்வாள். திருப்பிப் பார்க்கமாட்டாள். வெஸ்ட் மேல் மவுசை வைத்து ‘சோதி’ என்று ஒரு பொத்தானை அமுக்கினால் அதன் ஜாதகமே வந்துவிடும். ஆனால் அவள் அமுக்கியதே கிடையாது. அது சோம்பேறித்தனம் இல்லை, வளர்ப்பு. அவள் அப்பா குமாரசாமி வடக்கே லாரி ஓட்டியவர். லோடு ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டினவன் பக்கத்தில் நிற்கும்போதே அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்தால், அவனைக் கன்னத்தில் அறைந்ததுக்குச் சமம் என்பது அவருடைய சட்டம். ‘கட்டினவன் நம்மாளுன்னா கயித்தைத் தொடாதே’ என்பார். லாரிக்காரர் மகள், கட்டின புருசன் கொடுத்ததைப் போய்ச் சோதிப்பாளா?

ஆடிப் பதினெட்டுக்கு ஆபீஸ் லீவு. மாமியார் சௌந்திரம் பக்கத்து ஊட்டுக்காரர்களோடு மோகனூருக்கு, காவிரியில் தலை முழுகப் போய்விட்டாள். தனப்பிரியா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். சந்தோஷ்குமார் ஏதோ வண்டி நின்றுபோயிற்று என்று கடைக்குப் போனான். ஊட்டில் ஆள் இல்லாத அந்த மத்தியானத்தில் அவள் அஸாருக்குப் போன் போட்டாள்.

“அஸாரு, நான் விலகிக்கிறேன். என்னால ஆகலை. என்னைய நம்பிச் சென்னைக்குப் போனா உங்களுக்கும் அசிங்கம்.”

அந்தப்பக்கம் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? முந்தாநாள் ஆட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பாத்தேன். உங்களை அடிச்சது ரைஃபிள் இல்லக்கா, வெறும் பிஸ்டலு. நீங்க போட்டிருந்தது லெவல் அஞ்சுதானே?”

“அஞ்சுதான்.”

“லெவல் அஞ்சு எங்கயாச்சும் பிஸ்டலுக்குக் கிழியுமா? எனக்குப் புரியல. நீங்க ஒருவாட்டி பயிற்சி மைதானத்துல போட்டுப் பாருங்க. அதுக்கப்புறமும் விலகுறேன்னு சொன்னீங்கன்னா நான் தடுக்கல.”

தனப்பிரியா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பயிற்சி மைதானத்தில் ரெண்டு பொம்மைகளை நிறுத்தினாள். ஒன்றுக்கு விளையாட்டுக்குள்ளேயே இருக்கிற கடையில் எடுத்த புது லெவல் மூன்றைப் போட்டாள். இன்னொன்றுக்குத் தன்னுடைய லெவல் அஞ்சை மாட்டினாள். பிஸ்டலை எடுத்துச் சுட்டாள். மூன்று அசையவில்லை. சுடச் சுட நின்றது. அஞ்சின் பக்கம் திரும்பினாள். முதல் குண்டுக்கு ஒரு ஆட்டம். ரெண்டாவது குண்டுக்குப் பொம்மை சுருண்டு விழுந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளையாட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். மறுபடியும் நிறுத்திச் சுட்டாள். மறுபடியும் விழுந்தது. அதற்கப்புறம்தான், கல்யாணமாகி இத்தனை நாளில் முதல்தடவையாக, புருசன் கொடுத்த வெஸ்ட் மேல் மவுசை வைத்து அந்த ‘சோதி’ பொத்தானை அமுக்கினாள்.

அங்கே இன்னொரு எண் இருந்தது. லெவல் என்பது வெஸ்ட் புதுசாக இருக்கும்போது எவ்வளவு தாங்கும் என்பதற்கு. இந்த இன்னொரு எண், அதில் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதற்கு. குண்டு வாங்க வாங்க இது குறையும். இது குறைந்தால் லெவல் அஞ்சு என்பது ஏட்டுச் சுரைக்காய்தான். ரிப்பேர் செய்துகொள்ளலாம், ஆனால் செய்யும்போதெல்லாம் வெஸ்ட்டின் கொள்ளளவே சுருங்கிக்கொண்டு போகும். நூறு பிடித்த குடம் நாற்பது பிடிக்கிற செம்பாகிவிடும். செம்பு நிறைந்திருந்தாலும் விளையாட்டு அதைப் பச்சை நிறத்தில்தான் காட்டும், குடம் நிறைந்திருந்தாலும் அதே பச்சைதான். அவளுடைய வெஸ்ட் செம்புகூட இல்லை, டம்ளர். எத்தனை தடவை ரிப்பேர் ஆனதோ, படத்தின் ஓரத்தில் தையல் போட்ட மாதிரி ஒரு சின்னக் கோடு ஓடியது. இத்தனை நாளாக அந்தக் கோட்டை வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தாள்.

அப்போது அவளுக்கு வந்தது சந்தோஷம். நம்புங்க, துள்ளிக் குதிக்கிற சந்தோஷம். ‘எனக்கு ஆட வராமப் போகலை! கோளாறு வெஸ்ட்டுலதான்!’ என்று தனியாக வாய்விட்டுச் சொன்னாள். பாவம், மாமாவும் பச்சையைப் பார்த்து ஏமாந்துவிட்டார், வந்ததும் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தாள்.

நினைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனவள் பாதியில் நின்றாள். உள்ளங்கையை வைத்து ஒட்டு டயரைச் சொல்கிறவன், ஒரு தையல் கோட்டைப் பார்த்து ஏமாறுவானா? சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் வந்த நினைப்பு வந்ததுதான், போக மாட்டேன் என்றது.

பொழுதோட மாமியார் காப்பரிசிப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தாள். சந்தோஷ்குமாரும் கடையிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தான். தனப்பிரியா அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. காபி டம்ளரோடு அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். ஆட்டத்துக்கு முன்னால் அவன் பங்கு வைக்கிற நேரம் அது. அவள் திரையைப் பார்க்கிற பழக்கம் கிடையாது என்பதால் அவனும் மறைக்கவில்லை.

கிடங்கு நிறைய வெஸ்ட். அஸாருக்கு ஒன்று எடுத்தான், தையல் இல்லை. நந்தகுமாருக்கு, காளிதாஸுக்கு, தனக்கு, எல்லாம் பளிச்சென்று தையல் இல்லாதவை. இன்னும் நாலைந்து புதுசு அப்படியே கிடந்தது. அவற்றையெல்லாம் தாண்டி மவுசைக் கீழே கீழே உருட்டிக்கொண்டு போனான். கடைசி மூலையில் தனியாக ஒதுக்கி வைத்திருந்த ஒன்றை எடுத்தான். அதில் தையல் கோடு இருந்தது.

“எனக்குங்களா மாமா அது?” குரல் நடுங்காமல் கேட்டாள்.

“பின்ன? லெவல் அஞ்சு.”

“புதுசுங்களா?”

“உனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறேன்? முன்னால போறவ நீதான?” திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் தெரியவில்லை, அதுதான் கொடுமை.

காபியை அவன் பக்கத்தில் வைத்தாள். தன் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அந்த வெஸ்ட்டையே போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிடம். கதவுக்கு அந்தப்பக்கம் ரெண்டு பேர், ஒருவன் இடதுபக்கம் மண்டியிட்டிருக்கிறான் என்று காது சொன்னது. சொன்னபடியே இருந்தான். அவனை அடித்தாள். ரெண்டாவது ஆள் பிஸ்டலால் சுட்டான். திரை இருண்டது.

சந்தோஷ்குமாரின் குரல் அணி முழுக்கக் கேட்கிற மைக்கில் வந்தது. “உட்ருங்கப்பா, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. கை நடுங்குது பாவம். அஸாரு, சென்னை சமாச்சாரத்தை நாம கொஞ்சம் யோசிக்கோணும்.”

தனப்பிரியா கையை நீட்டி ரெண்டு பேருடைய மைக்கையும் அணைத்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் போட்டாள்.

“அந்தச் சோதி பொத்தானை நான் அமுக்கிப் பாத்துட்டேனுங்க.”

அவன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தாள். தெரியாமல் செய்திருந்தால் ‘எந்தப் பொத்தான்?’ என்று கேட்டிருப்பான். அவன் கேட்கவில்லை.

“தனா, கத்தாதே. அம்மா இருக்குது.”

“நான் இன்னும் கத்தவே இல்லீங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

தலையைக் குனிந்துகொண்டான். மெதுவாகச் சொன்னான். “அம்மாவுக்குத்தான் புடிக்கலை. கல்யாணமான பொம்பளை, சென்னைக்குப் போயி அந்நியப் பசங்களோட ரெண்டு மூணு நாளு தங்குறதான்னு பொழுதுக்கும் எங்கிட்டப் பொலம்பல். உங்கிட்டச் சொன்னா சண்டை, ஓரியாட்டம்னு வரும். அம்மாகிட்டயும் பேச முடியலை. நீயா விலகிட்டீன்னா யாருக்கும் மனசு சங்கடமில்லை பாரு.”

தனப்பிரியாவுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. இறங்குமா என்று கேட்காதீங்க, கட்டினவனை நம்பிப் பழகின மனசு அப்படித்தான். அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறான், கோழைத்தனம்தான், துரோகம் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சரி, மாமியாரிடம் நேராகவே பேசி முடித்துவிடலாம் என்று எழுந்தாள்.

“எங்க போறே?” என்று அவசரமாக அவள் கையைப் பிடித்தான். உதறிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சௌந்திரம் கீழே உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, நான் சென்னை போறது உங்களுக்குப் புடிக்கலீங்களா?”

“எனக்கு என்ன சாமி புடிக்காமப் போகுது?” சௌந்திரம் முறத்தைக் கீழே வைத்தாள். “நீ வழியில திங்கறதுக்குன்னு முறுக்குச் சுட உளுந்து வாங்கி வச்சேன். நீதான் போகலைன்னுட்டியாமே. போறதுக்குப் பயமா இருக்குதுன்னு அழுதியாம். அவனே போறேன்னு சொன்னான். சரி, ஊட்டுல யாராச்சும் ஒருத்தர் போயிட்டு வந்தாப் போதும்னு நெனச்சேன்.”

“எப்பச் சொன்னாருங்க அத்தை?”

“அது ஆச்சே, ஆனி மாசமே சொன்னானே.”

ஆனி மாசம். அவள் விலகுவதைப் பற்றி நினைத்தே இராத மாசம். அப்போதே இவன் சென்னைக்குக் கிளம்பிவிட்டான். தனப்பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணு, தலைவலி இன்னும் போகலையா என்று மாமியார் கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. இல்லீங்க அத்தை என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பெத்த தாயைப் பழிக்கு முன்னால் நிறுத்தி, அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டானே, அடப்பாவி!

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“இப்ப நெசத்தைச் சொல்லு.”

அவனிடம் அவள் ‘ங்க’ போடாமல் பேசியது அதுதான் முதல்தடவை. அவன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

“உனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்குடுத்தது யாரு தனா? நானு. அந்தப் பசங்களைப் புடிச்சு அணி சேத்தது யாரு? நானு. இப்ப என்னைய என்னன்னு கூப்புடறானுக தெரியுமா? ‘தனாக்கா ஊட்டுக்காரரு.’ கடைக்கு வர்ற டிரைவர் ஒருத்தன் அன்னிக்குக் கேக்கறான், ‘என்ன சந்தோசு, உம்பொண்டாட்டிக்குச் சட்டை எடுத்துக் குடுக்கற வேலையாமே?’ன்னு. எனக்கு எப்படி இருக்கும்?”

“நீதான போன்னு சொன்னே? எல்லாரு முன்னாடியும் நீதான என்னையத் தூக்கி உட்டே?”

“சொன்னேன். அத்தனை பேரு முன்னாடி வேற எப்படிச் சொல்லறது? நீ வேண்டாம்னு சொல்லுவீன்னு நெனச்சேன். ‘நீங்க போங்க மாமா’ன்னு சொல்லுவீன்னு நெனச்சேன். நீ சரின்னுட்டே.”

பாருங்க நியாயத்தை. ஊர் மெச்சக் கையில் எடுத்துக் கொடுப்பானாம், அவள் வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். வாங்கிக்கொண்டாள் என்பதற்காக, கூடவே உட்கார்ந்து குழி பறித்தானாம்.

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னாயிருக்கும்?” தனப்பிரியாவின் குரல் உடைந்தது. “சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். அதுக்கப்புறம் உனக்கே உட்டும் குடுத்திருப்பேன். சென்னையில என்ற எடத்தை நீ எடுத்துக்கப் பாத்ததுகூட எனக்குப் பெருசில்ல. எனக்கு ஒண்ணும் வராது, நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு என்னையவே நம்ப வச்சியே! கண்ணாடியப் பாக்கவே புடிக்காம இருந்தேனே!”

மேஜை மேல் கிடந்த ஹெட்போனிலிருந்து அஸாரின் குரல் கொசுச் சத்தம் மாதிரி வந்தது. “அக்கா? அண்ணே? லைன்ல இருக்கீங்களா?”

சந்தோஷ்குமார் சட்டென்று அவளைப் பார்த்தான். கும்பிடுகிற மாதிரி ரெண்டு கையும் சேர்ந்தன. “தனா, அவங்ககிட்ட மட்டும் சொல்லிராதே. நம்ம மானம் போயிரும்.”

அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு மைக்கைத் திறந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரலில் அது தெரியவிடவில்லை.

“அஸாரு, நான் மத்தியானம் சொன்னதை மறந்துரு. சென்னைக்கு நான் வாரேன். வெஸ்ட்டுலதான் கோளாறு. எத்தனையோ தடவை ரிப்பேர் ஆனது.”

“அப்பாடா! நான்தான் சொன்னேனேக்கா! உங்களுக்குப் போய் ஆட வராமப் போகுமா? அண்ணே எங்க? அண்ணே, நீங்க அதைக் கவனிக்கலையா? சரி உடுங்க, பரவால்ல. நீங்க குடுத்த தைரியத்துலதான் அக்கா திரும்பி வந்திருக்காங்க, அது எங்களுக்குத் தெரியும்.”

தனப்பிரியா விடைபெற்றுக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தாள். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிட்டாள் என்பது சந்தோஷ்குமாருக்கு உறைக்கக் கொஞ்சநேரம் ஆனது. உறைத்ததும் அவன் முகத்தில் உயிர் வந்தது. பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தவன் மாதிரி மூச்சு விட்டான். எழுந்து அவள் பக்கத்தில் வந்தான். எப்போதும் போல அவள் முதுகில் கையை வைத்தான்.

“தப்புத்தான் சாமி. இனிமே சத்தியமா இப்படி நடக்காது. உன்னோட நல்ல மனசுக்கு—”

“கையை எடு.”

எடுத்தான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுக்காச்சும் நெசத்தைச் சொல்லு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள். “நான் செத்துச் செத்து விழுந்தப்பவெல்லாம், எனக்கு வரலை மாமான்னு உன்ற மடியிலதான் படுத்து அழுதேன். நீதான் இப்படி முதுகைத் தடவிக் குடுத்தே. வெசனப்படாதேன்னே. புள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுனியே, அப்ப உனக்குள்ள என்ன ஓடுச்சு?”

அவன் தப்பிக்கப் பார்த்தான். கதவைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். ரோட்டில் ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டு போனது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“இன்னும் ரெண்டு வாட்டி அழுதீன்னா நீ ஆட்டத்தை உட்ருவீன்னு நெனச்சேன்.”

தனப்பிரியாவுக்கு அழுகை நின்றுவிட்டது. அப்புறம் அலமாரியைத் திறந்து, சென்னைக்கு என்று எடுத்து வைத்திருந்த பையை வெளியே எடுத்தாள். அதில் ரெண்டு மூன்று சுடிதார்தான் இருந்தது. மிச்சமிருந்த துணிகளையும் ஒவ்வொன்றாக மடித்து அதற்குள் வைக்க ஆரம்பித்தாள்.

“போட்டி ஆவணியிலதான தனா?” என்றான். “இப்ப எதுக்கு இத்தனை துணி?”

“போட்டி ஆவணியிலதான்” என்றாள். “நான் இப்பவே எங்கப்பா ஊட்டுக்குப் போறேன்.”